கறுக்காத முடிச்சு

இடுப்புக் குழியின் எம்.ஆர்.ஐ. படங்கள் இரண்டு. ஒரே மனிதர், ஒரே இடம். நடுவில் ஒரு நாள் இடைவெளி. முதல் படத்தில், ரத்தக் குழாயை ஒட்டி இரண்டு நிணநீர் முடிச்சுகள் வெளிறிய சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் இருக்கும். இவற்றில் ஒன்றில் புற்றுநோய் குடியேறியிருக்கிறது என்று யாராவது சொன்னாலும் எதில் என்று காட்ட முடியாது. வடிவம் ஒன்று, அளவு ஒன்று, நிறமும் ஒன்று. அடுத்த நாள் படத்தில் ஒரு முடிச்சு கரியாகக் கறுத்துப் போயிருக்கிறது. மற்றது நேற்று இருந்தபடியே வெளிறி நிற்கிறது. கறுத்தது நலமாக இருக்கிறது. கறுக்காததில்தான் நோய்.

மருத்துவப் படங்களில் இவ்வளவு அழகான தலைகீழ் வேறு எதிலும் எனக்குத் தென்பட்டதில்லை. இந்தப் படங்களுக்கு நடுவே நரம்பில் ஏற்றப்பட்ட மருந்தின் பெயர் ஃபெருமாக்ஸ்ட்ரான்-10. சர்க்கரைப் போர்வை போர்த்திய இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் அதில் மிதக்கின்றன. நானோ துகள் என்றதும், நோயைத் தேடிப் போய்ப் பிடிக்கும் ஒரு தூதுவனை மனம் கற்பனை செய்துகொள்கிறது. இந்தத் துகள் புற்றுநோயைத் தேடவே இல்லை. நலமாக இருக்கும் இடத்தைத் தேடிப் போய்த் தங்குகிறது. எங்கே அதற்கு இடம் கிடைக்கவில்லையோ, அங்கே நோய் தானாக வெளிப்படுகிறது.

ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய எழுத்து சட்டென்று கண்ணில் படாது. கரியும் பச்சிலைச் சாறும் தேய்த்துத் துடைத்தால் கீறலுக்குள் மை நின்று எழுத்து எழும்பி வரும். கான்ட்ராஸ்ட் மருந்துகள் பெரும்பாலும் அந்த மையின் வேலையைத்தான் செய்கின்றன; வழக்கத்துக்கு மாறான இடத்தில் போய்ச் சேர்ந்து அதை எடுத்துக் காட்டுகின்றன. ஃபெருமாக்ஸ்ட்ரானில் ஓலை முழுவதும் கறுக்கிறது, கீறல் மட்டும் வெளிறி நிற்கிறது. இது எப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கும்போது, படிக்குப் படி ஒரு நுட்பம் காத்திருக்கிறது.

முதலில் அந்த இரும்பைப் பார்ப்போம். துகளின் நடுவில் இருப்பது சுமார் ஐந்து நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு படிகம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அந்தப் படிகத்துக்குள் இரண்டாயிரம் சொச்சம் இரும்பு அணுக்கள்தான் இருக்கும். கையில் எடுக்கும் அளவுள்ள காந்தத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு; ஒரு முறை காந்தமாகிவிட்டால் வடக்கு தெற்கை விடாது. இவ்வளவு சிறிய படிகத்துக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. உடம்பின் வெதுவெதுப்பே அதன் காந்தத் திசையை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை புரட்டிப் போடுகிறது. ஆகவே வெளியே காந்தப் புலம் இல்லாதபோது அது காந்தமே இல்லை. ஸ்கேன் கருவிக்குள் நுழைந்ததும் அத்தனை படிகங்களின் காந்தமும் ஒரே குரலில் ஒரே திசைக்குத் திரும்புகிறது. வெளியே வந்ததும் மறுபடி மறதி. இந்தக் குணத்துக்குச் சூப்பர்பாராகாந்தம் என்று பெயர். பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1949-இல் இதற்குக் கொள்கை வகுத்தார். அவர் யோசித்ததோ மண்பாண்டங்களிலும் எரிமலைப் பாறைகளிலும் உள்ள நுண்ணிய காந்தத் துகள்களைப் பற்றி.

இந்த மறதி ஒரு அலங்காரக் குணம் இல்லை, உயிர் காக்கும் குணம். ஊசியில் ஏறும் துகள் ஒவ்வொன்றும் நிலையான காந்தமாக இருந்திருந்தால், ரத்தத்துக்குள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகி நுண்குழாய்களை அடைத்துவிடும். இவை தனித்தனியாக மிதந்து போகின்றன. வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் காந்தமாகின்றன.

இரும்பு மட்டும் போதாது. போர்வையில்லாத இரும்பு ஆக்சைடை ரத்தம் ஒரு நொடிகூடப் பொறுத்துக்கொள்ளாது. புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும், துகள்கள் திரண்டுவிடும். அதனால் மேலே டெக்ஸ்ட்ரான் என்ற நீளச் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுற்றியிருக்கிறார்கள். ஆலைகளில் சர்க்கரைக் கரைசலிலிருந்து டெக்ஸ்ட்ரானை உண்டாக்கித் தரும் பாக்டீரியாவின் பெயர் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். நம் இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவதில் முதல் பங்கு இதே இனத்துக்குத்தான் என்று தெரிந்தபோது எனக்கு இந்த மருந்தின் மேல் இன்னும் கொஞ்சம் உரிமை வந்துவிட்டது. போர்வையோடு சேர்த்து அளந்தால் துகள் ஏறத்தாழ முப்பது நானோமீட்டர்.

ஏன் முப்பது? இந்தக் கேள்வியில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஆறு நானோமீட்டருக்குக் கீழே போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். நூறைத் தாண்டிப் பெருத்தால் கல்லீரல் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபடுவதற்காகவே ஒரு மருந்து இருந்தது. இதே இரும்பு ஆக்சைடு, இதே டெக்ஸ்ட்ரான், துகள் மட்டும் பெரியது: ஃபெருமாக்சைட்ஸ். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற அது நல்ல கல்லீரலைக் கறுப்பாக்கி, அதிலுள்ள கட்டியை வெளிச்சமாக்கிக் காட்டியது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரால்ஃப் வைஸ்லெடரும் சகாக்களும் 1990-இல் மிகச் சிறிய துகள்களைப் பற்றி எழுதினார்கள். அளவைக் குறைத்தால் கல்லீரலின் கண்ணுக்குத் தப்பி, ரத்தத்தில் மணிக்கணக்காகச் சுற்றி, நிணநீர் முடிச்சுகளைச் சென்றடையும் என்று தெரிந்தது. பொருள் மாறவில்லை, பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை, விலாசம் மாறிவிட்டது. விலாசத்தை எழுதியது அளவு.

அந்தப் பயணத்தை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நடப்பதே நிதானமாக. மருந்தை நீர்க்கவைத்து அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போய்விடலாம். ஸ்கேன் மறுநாள்தான், 24 முதல் 36 மணி நேரம் கழித்து. அந்த இடைவெளியில் துகள்கள் ரத்த ஓட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன. ரத்த நுண்குழாய்களின் சுவரில் உள்ள இடுக்குகள் வழியே மெல்ல மெல்லக் கசிந்து, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் இறங்குகின்றன. அங்கிருந்து நிணநீர்க் குழாய்கள் அவற்றை வாரிக்கொண்டு போய் முடிச்சுகளில் சேர்க்கின்றன. முடிச்சுக்குள் காத்திருப்பவை மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்கள். வழியில் வரும் கிருமி, குப்பை, செத்த செல் எதையும் விடாமல் விழுங்குவது அவற்றின் தொழில். இந்தச் சர்க்கரை உருண்டைகளையும் விழுங்குகின்றன. புற்றுநோய் ஏறிய முடிச்சில் அந்தச் செல்கள் இருந்த இடத்தைக் கட்டியின் செல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே விழுங்க ஆள் இல்லை. துகள் வந்தாலும் தங்காது.

மருந்தை இலக்குக்குக் கொண்டு சேர்ப்பது என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் சுட்டுவேன். உடம்பு தினமும் செய்கிற ஒரு வேலையை, அதன் பசியை, அப்படியே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பசி எங்கே அவிந்துவிட்டது என்று படம் கேட்கிறது.

இனி, கறுப்பு. எம்.ஆர்.ஐ. கருவி படமெடுப்பது உடம்பில் உள்ள நீரையும் கொழுப்பையும்; குறிப்பாக அவற்றின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை. ஒன்றரை டெஸ்லா கருவிக்குள் அவை நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை சுழலுகின்றன. வானொலித் துடிப்பு ஒன்று அவற்றை ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்ததும், எல்லாம் சேர்ந்து பாடுவதுதான் கருவி கேட்கும் ஒலி. பக்கத்தில் இரும்புத் துகள் இருந்தால் அங்கே காந்தப் புலம் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. அந்தக் கரடுமுரடில் நீந்தும் நீர் மூலக்கூறுகள் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் தாளம் தப்பிவிடுகின்றன. குரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அந்த இடத்திலிருந்து ஒலியே வராது. படத்தில் அது கறுப்பு.

நாம் பார்ப்பது இரும்பை இல்லை என்பது இதில் ஒரு நயம். முப்பது நானோமீட்டர் பொருளைக் காணும் கூர்மை எந்த எம்.ஆர்.ஐ. கருவிக்கும் கிடையாது, அதன் ஒரு புள்ளியே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். துகளின் கலக்கம் அதைச் சுற்றியுள்ள நீரில் துகளைவிடப் பெரிதாகப் பரவுவதால்தான் கண்ணுக்கு எட்டுகிறது. இன்னொரு நயமும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இதே துகள்கள் ரத்தத்தில் தனித்தனியாகச் சிதறியிருக்கும்போது, தகுந்த முறையில் எடுத்தால் ரத்தக் குழாய்களை வெண்மையாகக் காட்டும். மேக்ரோபேஜ் அவற்றை விழுங்கித் தன் வயிற்றுப் பைகளில் நெருக்கிக் குவித்த பிறகுதான் கறுப்பு ஓங்குகிறது. சேர்க்கை மாறினால் நிறமே மாறிவிடுகிறது. அதனால் கறுத்த முடிச்சு, “இங்கே துகள் வந்தது” என்பதோடு “இங்கே ஒரு செல் உயிரோடிருந்து அதை உண்டது” என்றும் சொல்கிறது.

இதெல்லாம் நோயாளிக்கு என்ன தந்தது? நிணநீர் முடிச்சில் நோய் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க, அது வரை இருந்த அளவுகோல் பருமன்தான். எட்டு அல்லது பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி. காய்ச்சலில்கூட நெறி கட்டிப் பெருக்கும், சின்ன முடிச்சிலும் நோய் ஒளிந்திருக்கும் என்பதை அந்த அளவுகோல் அறியாது. 2003 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் பாஸ்டனின் முகேஷ் ஹரிசிங்கானி, நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து யெல்லே பாரென்ட்ஸ் ஆகியோரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 பேருக்கு ஃபெருமாக்ஸ்ட்ரான் கொடுத்துப் படமெடுத்து, பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். மொத்தம் 334 முடிச்சுகள். அவற்றில் 63-இல் நோய் இருந்தது. அந்த 63-இல் 45 முடிச்சுகள் பழைய அளவுகோலின்படி சந்தேகத்துக்கே இடம் தராதவை. சாதாரண எம்.ஆர்.ஐ. நோயுள்ள முடிச்சுகளில் 35.4 விழுக்காட்டைத்தான் பிடித்தது. துகள்களோடு எடுத்தது 90.5 விழுக்காட்டைப் பிடித்தது. முடிச்சில் நோய் பரவியிருந்த 33 பேரில் ஒருவரைக்கூட அது தவறவிடவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008-இல், நெதர்லாந்தில் 375 பேரிடம் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வும் அதே திசையில் சென்றது. நோய் பரவியவர்களில் சி.டி. ஸ்கேன் 34 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்க, இந்த முறை 82 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது. எண்களை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எண்களைவிட அந்தப் படங்களைப் படிப்பதில் உள்ள நுணுக்கம் என்னை அதிகம் ஈர்க்கிறது.

முழுதாகக் கறுத்ததும் முழுதாக வெளிறியதும் எளிது. பாதி ஆக்கிரமிக்கப்பட்ட முடிச்சு இருக்கிறதே, அதுதான் பார்க்க வேண்டியது. ஐந்து மில்லிமீட்டர் முடிச்சுக்குள் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு, நடுவில் ஒரு கோடு. நோய் எதுவரை வந்திருக்கிறது என்பதன் எல்லை அது. அதே சமயம், எல்லா வெளுப்பும் நோய் ஆகாது. ரத்தக் குழாய் நுழையும் முடிச்சின் வாசலில் கொழுப்பு சேர்ந்திருப்பது சகஜம். கொழுப்பில் விழுங்கும் செல்கள் இல்லை, எனவே அதுவும் கறுக்காது. அவசரக்காரர் அதை நோய் என்று எழுதிவிடுவார். தேர்ந்த ரேடியாலஜிஸ்ட் கொழுப்பை வெண்மையாகக் காட்டும் இன்னொரு வகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அங்கே அந்தப் புள்ளி பளீரென்று இருந்தால் விட்டுவிடுவார். இடுப்புக் குழியில் எத்தனையோ முடிச்சுகள். ஒவ்வொன்றையும் மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று இணை தேடி ஒப்பிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹாரியட் தோனியும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுமையை எவ்வளவு நேர்த்தியாக இறக்கி வைத்தது! எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு முறை உண்டு. செல்கள் நெருக்கமாக உள்ள இடங்களில் நீரின் நடமாட்டம் குறைவு. அந்த இடங்கள் மட்டும் வெளிச்சமாகவும் மற்றதெல்லாம் இருட்டாகவும் வரும். நிணநீர் முடிச்சுகள் எல்லாமே, நல்லதும் கெட்டதும், அதில் பளிச்சென்று தெரியும். அதுதான் அந்த முறையின் குறை. இரும்புத் துகளை ஏற்றிவிட்டு அதே முறையில் எடுத்தார்கள். நல்ல முடிச்சுகள் கறுத்து, இருட்டோடு இருட்டாக மறைந்துவிட்டன. எஞ்சி ஒளிர்ந்தவை நோயுள்ளவை மட்டும். ஒரு நோயாளியின் படங்களைப் படிக்கச் சராசரியாக 80 நிமிடம் ஆன வேலை 13 நிமிடத்துக்கு வந்தது. ஒரு குறையும் ஒரு நிறையும் கைகோத்து மூன்றாவதாக ஒன்றைத் தந்த அந்த யோசனையை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது.

நானோ துகளின் மேல் எதிர்ப்புரதத்தையோ பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டையோ ஒட்டி, கட்டியின் செல்லில் உள்ள ஒரு பூட்டுக்குச் சாவி போல அனுப்பும் முயற்சிகளும் நெடுநாளாக நடக்கின்றன. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஆறேழு நானோமீட்டர் சிலிக்கா துகளில் பெப்டைடும் கதிரியக்க அயோடினும் சேர்த்து, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2014-இல் வந்தன. சிறுநீரகம் வெளியேற்றும் அளவுக்கு அதைச் சிறிதாக வைத்ததில் நல்ல விவேகம் இருக்கிறது. ஆனால் பொதுவாகத் துகள் ரத்தத்தில் கால் வைத்ததும் புரதங்கள் அதன் மேல் படிந்து, ஒட்டிய சாவியையே மூடிவிடுகின்றன. டொரான்டோவின் வாரன் சான் குழு பத்தாண்டுக் காலத்து ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் கணக்குப் பார்த்தபோது, ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடுதான். பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும், அந்த விழுங்கும் செல்களிடமே போய்ச் சேர்கிறது. மற்ற துகள்களுக்குத் தடையாக நிற்கும் அதே பசியை, ஃபெருமாக்ஸ்ட்ரான் தன் பாதையாக்கிக்கொண்டது. அதனால்தான் அதன் எளிமை என் கண்ணில் இவ்வளவு உயர்ந்து நிற்கிறது.

விழுங்கிய பிறகு அந்த இரும்பு என்ன ஆகிறது என்பதும் சொல்லியாக வேண்டும். கிலோ எடைக்கு 2.6 மில்லிகிராம் இரும்பு என்பது கணக்கு. 70 கிலோ மனிதருக்கு 182 மில்லிகிராம். ஒரு தடவை ரத்ததானம் செய்யும்போது உடம்பை விட்டுப் போகும் இரும்பும் ஏறக்குறைய இதே அளவுதான். வயதான சிவப்பணுக்களை உடைத்து, தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டெடுப்பது மேக்ரோபேஜ்களின் அன்றாட வேலை. அவற்றுக்கு இது ஒரு வாரத்துக் கூடுதல் வேலை. சர்க்கரைப் போர்வையைச் செரித்து, படிகத்தைக் கரைத்து, இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் சேமிக்கின்றன. அந்தக் கூடோ 12 நானோமீட்டர் அளவில், உள்ளே 4,500 இரும்பு அணுக்கள் வரை அடைக்கக்கூடியது. ஆய்வுக்கூடத்தில் செய்த துகளைக் கரைத்து உடம்பு தன் சொந்த நானோ துகளாக வார்த்துக்கொள்கிறது. பிறகு அந்த இரும்பு எலும்பு மஜ்ஜைக்குப் போய்ப் புதிய சிவப்பணுவில் ஹீமோகுளோபினாக அமர்கிறது.

இத்தனை அழகும் மருந்தைக் காப்பாற்றிவிடவில்லை. 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, எல்லா வகைப் புற்றுநோய்க்குமான பொது அனுமதியைப் பரிந்துரைக்க மறுத்தது. 2007-இல் ஐரோப்பிய விண்ணப்பமும் திரும்பப் பெறப்பட்டது. தயாரிப்பு நின்றது. பாரென்ட்ஸின் நைமேகன் குழு அதை விடவில்லை. பின்னாளில் மருந்து மீண்டும் தயாராகி, பிற நாடுகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே போய்ப் படமெடுத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் கட்டியின் செல்லையே ஒளிரவைக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வந்துவிட்டது. புரோஸ்டேட் புற்றுநோயில் இன்று அதுவே பரவலாக நிற்கிறது. நிற்கத் தகுந்த முறைதான். மிகச் சிறிய முடிச்சுகளில் மட்டும் பெட் ஸ்கேனின் கூர்மை குறைகிறது, அங்கே இரும்புத் துகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதன் நெருங்கிய உறவான ஃபெருமாக்ஸிடால் வேறு வாசல் வழியே வந்தது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு இரும்பு மருந்தாக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான ஒவ்வாமை சிலருக்கு நேர்வதால் 2015-இல் அதன் பெட்டியில் தீவிர எச்சரிக்கை சேர்ந்தது. நிதானமாக, கண்காணிப்போடுதான் ஏற்ற வேண்டும். வழக்கமான கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டிய சிறுநீரக நோயாளிகளின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்க மருத்துவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஏற்றிய முதல் சில மணி நேரம் துகள்கள் ரத்தத்தில் சிதறியிருப்பதால் குழாய்கள் வெண்மையாகத் தெரியும். அளவைக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராமாகக் கூட்டி, மறுநாள் படமெடுத்தால் நிணநீர் முடிச்சுகளையும் கறுக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் புரோஸ்டேட் நோயாளிகளிடம் சோதித்து 2015-இல் எழுதியிருக்கிறார்கள்.